அரவின் நஞ்சு ஆராய்ந்த டாக்டர் ரஸ்ஸல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தே, கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில், உத்தமபாளையம் வட்டத்தில் அமைந்திருப்பது கோம்பை என்னும் ஊர். முன்னே வயலும் தோப்பும், பின்னே மலையும் காடும் சூழ்ந்த அவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தே, வேட்டைக்கும் காவலுக்கும் பெயர்பெற்ற கோம்பை நாய்களே பலருக்கும் நினைவு வரும். ஆயினும், காவல் நாயாலும் தடுக்கவொண்ணாத பகை ஒன்று அப்பள்ளத்தாக்கின் வரப்புகளிலும், வைக்கோற் படப்புகளிலும், கற்குவியல்களிலும் உறைகின்றது. அதுதான் பாம்பு. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்னும் நான்குமே நம் நாட்டில் மிகுதியான உயிர்களைக் கவர்வன. இவற்றுள் கண்ணாடி விரியன், முதுகில் சங்கிலி கோத்தாற்போல் வட்டப் புள்ளிகள் நிரை நிரையாய் அமைந்து, சினந்தால் கொல்லன் துருத்திபோற் சீறுவது. விலங்கு நூலார் இதற்கு வழங்கும் பெயரில் ஒரு மனிதரின் பெயர் பொதிந்துள்ளது. அம்மனிதரே டாக்டர் பாட்ரிக் ரஸ்ஸல். கொடிய பாம்பொன்று தம் பெயரைத் தாங்குமாறு இவர் செய்த நற்பணி யாது என்பதைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் கல்வியும்

ரஸ்ஸல் 1726-27ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் ஜான் ரஸ்ஸல் என்பவர் சட்டத்தொழில் புரிந்தவர். பாட்ரிக், எடின்பரோ சர்வகலாசாலையில் வைத்திய நூல் பயின்று, 1750ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். இவருடைய மாற்றாந்தாய் வயிற்றுத் தமையனாராகிய அலெக்ஸாண்டர் ரஸ்ஸலும் ஒரு வைத்தியரே. அவர் அக்காலத்தில் சிரியா தேசத்து அலெப்போ நகரில், ஆங்கில வர்த்தகர்களின் லெவாந்து கும்பினிக்கு வைத்தியராயிருந்தார். பட்டம் பெற்ற ஆண்டிலேயே இளையவர் தமையனாரிடம் சென்று சேர்ந்தார். 1753ஆம் ஆண்டில் தமையனார் தாய்நாடு திரும்பவே, அப்பதவி இவருக்குக் கிடைத்தது.

அலெப்போ வாசம்

அலெப்போவில் ரஸ்ஸல் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அந்நாட்டு மொழியையும் வழக்கங்களையும் நன்கு அறிந்து, செல்வரும் எளியவரும் ஒருங்கே நம்பும் வைத்தியராக விளங்கினார். நகரை ஆண்ட பாஷா இவரது பணியை மெச்சி, தலைப்பாகை அணியும் சிறப்பை இவருக்கு வழங்கினார். அந்நாளில் அயல்நாட்டார்க்கு அது எளிதில் வாய்க்காத மரியாதை.

1760 முதல் 1762 வரை கொள்ளை நோய் அந்நகரைச் சூறையாடியது. ஐரோப்பிய வர்த்தகர் பலர் தத்தம் வீட்டுக் கதவங்களைச் சார்த்தி உள்ளேயே அடங்கியிருந்த அந்நாட்களில், ரஸ்ஸல் நோயின் குறிகளையும், அது பரவிய முறையையும், பிழைத்தவர் மாண்டவர் நிலைகளையும் ஓயாது குறித்துக்கொண்டே வந்தார். அக்குறிப்புகளே 1791ஆம் ஆண்டில் கொள்ளை நோயைப் பற்றிய பெருநூலாக வெளிவந்தன. கண்டதை அன்றன்றே எழுதிவைக்கும் இவ்வழக்கம் பின்னர் நம் நாட்டில் இவருக்குப் பேருதவியாயிற்று.

இன்னொரு குணமும் இங்கே அறியத்தக்கது. அராபிய மக்களிடையே பெரியம்மைக்கு ஒரு தடுப்பு முறை வழங்கிவந்தது. அம்மைப் பாலைச் சிறிதெடுத்து ஊசியால் குத்தி, நோயை மெல்லிதாய் வருவித்து, பின் கடுமையாய் வாராமற் காப்பதே அது. பாலைவனத்து முதிய பெண்ணொருத்தி வாயிலாக இதனை அறிந்த ரஸ்ஸல், கல்லாதார் கைவழக்கமென்று தள்ளிவிடவில்லை. கேட்ட அளவில் நம்பிவிடவுமில்லை. பல இடங்களிலும் பலரிடத்தும் உசாவி, உண்மையென்று தெளிந்த பின்னரே எழுதினார். அது 1768ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் இடம்பெற்றது. 1777ஆம் ஆண்டில் அச்சங்கத்தாரே இவரைத் தம் உறுப்பினராக்கினர். எளியோர் சொல்லை மதித்துக் கேட்டலும், கேட்டதைச் சோதித்து அறிதலும் ஆகிய இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமைதான் ரஸ்ஸலின் தனிப்பெருஞ் சிறப்பு.

சோழமண்டலக் கரையில்

தாய்நாடு திரும்பி அமைதியாய் வைத்தியத் தொழில் நடத்திவந்த ரஸ்ஸலை நம் நாட்டுக்குக் கொணர்ந்தது உடன்பிறப்பன்பேயாகும். இளவலாகிய கிளாட் ரஸ்ஸல் விசாகப்பட்டினத்தில் கிழக்கிந்தியக் கும்பினியின் உயர்ந்த அதிகாரியாக நியமனம் பெற்றபொழுது, ஐம்பது வயது கடந்த பாட்ரிக்கும் அவருடன் புறப்பட்டார். விசாகப்பட்டினத்துக் கடலில் வலைஞர் கொணர்ந்த மீன்களையெல்லாம் ஆராய்ந்து ஓவியம் தீட்டுவித்தார். அவற்றுள் இருநூறு மீன்களைப் பற்றிய இவருடைய நூல் 1803ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அக்காலத்தில் தென்னாட்டுத் தாவரங்களை ஆராயும் கும்பினி அலுவலில் இருந்தவர் டாக்டர் யோஹான் கெர்ஹார்ட் கேனிக் என்பவர். தரங்கம்பாடி மிஷனுக்கு வைத்தியராக 1768ஆம் ஆண்டில் வந்து, இந்நாட்டு மரஞ்செடிகளை ஆராய்ந்த பெரியார் அவர். 1785ஆம் ஆண்டில் அவர் காலமாகவே, அவ்விடத்தில் ரஸ்ஸல் அமர்ந்தார். தாவர ஆராய்ச்சியையும் இவர் கைவிடவில்லை. சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி ராக்ஸ்பரோ என்னும் அறிஞர் வெளியிட்ட புகழ்பெற்ற நூலுக்கு முன்னுரை வரைந்தவர் இவரே. எனினும், இவர் உள்ளத்தை முழுதும் ஆட்கொண்டது பாம்புக் கடியே. கும்பினிப் படைவீரரும், பல்லக்குச் சுமப்போரும், உழவரும், புல்லறுக்கும் பெண்டிரும் ஆண்டுதோறும் அதனால் மாண்டனர். நச்சுப் பாம்பு எது, நஞ்சிலாப் பாம்பு எது என்று பிரித்தறியும் வழி கண்டால் பாதி அச்சம் தீருமென்று இவர் கருதினார்.

மக்கள் பிடித்துக் கொணர்ந்த பாம்புகள் ஒவ்வொன்றையும் இவர் அளந்தார். வயிற்றுச் செதிள்களையும் வாற்செதிள்களையும் எண்ணினார். வாயைத் திறந்து பற்களை ஆராய்ந்தார். ஓவியரைக் கொண்டு நிறம் மாறாது எழுதுவித்தார். ஊரார் வழங்கும் பெயர்களையும் அவ்வாறே பதிந்துவைத்தார். தெலுங்கர் பொன்னிறம் குறித்துப் பங்காரு பாமு என்றழைத்த ஒரு பாம்பின் பெயரை இவர் எழுதிவைக்க, அச்சொல்லினின்றே கட்டு விரியன் இனம் முழுவதற்கும் பங்காரஸ் என்னும் சாத்திரப் பெயர் பின்னாளில் எழுந்தது.

இவ்வாராய்ச்சியால் ரஸ்ஸல் கண்ட உண்மை யாது? பாம்பின் நிறத்தையோ, தலையின் வடிவையோ, வாலின் நீளத்தையோ மட்டும் கொண்டு நஞ்சுடைமையைத் துணிய இயலாது. மேல்வாயில் உள்ள நச்சுப் பல்லே உறுதியான அடையாளம். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே கண்டு பழகினாலன்றி வெளித்தோற்றத்தால் அறிதல் அரிது. எளிய குறியொன்றைத் தேடிப் புறப்பட்டவர், அத்தகைய குறி இல்லையென்பதையே கண்டார். கண்டதை மறையாது சொல்லவும் செய்தார். கண்ணாடி விரியனை நன்கு ஆராய்ந்து, கொடுமையில் நல்ல பாம்புக்கு அடுத்ததாக வைத்து எண்ணத்தக்கதென்று அறிவித்தவரும் இவரே. 1797ஆம் ஆண்டில் ஷா என்னும் விலங்கு நூலார் அப்பாம்புக்கு இவர் பெயரைச் சூட்டினார்.

தஞ்சை மாத்திரை

இனிக் கூறப்போவது, ரஸ்ஸலின் வாழ்வில் நாம் ஊன்றிக் கற்கவேண்டிய பகுதி. அந்நாளில் பாம்புக் கடிக்கு மருந்தாகத் தஞ்சை மாத்திரை என்பதொன்று தென்னாடெங்கும் பெரும்புகழ் பெற்றிருந்தது. நெடுங்காலம் மறைவாயிருந்த அதன் செய்முறை, தஞ்சையில் இறைபணி செய்த சுவார்ட்ஸ் ஐயர் வாயிலாக ஆங்கிலத் துரைத்தனத்தார்க்குக் கிடைத்தது. வெள்ளைப் பாஷாணம், பாதரசம், மிளகு முதலிய சரக்குகளை அரைத்துச் செய்யப்பட்டது அது. உண்டவர் பலர் பிழைத்தனர் என்பதற்குச் சான்று கூறுவார் எங்கும் இருந்தனர்.

ரஸ்ஸல் அச்சான்றுகளைக் கேட்டார். கும்பினி வைத்தியர்கள் எழுதியனுப்பிய கடிபட்டோர் வரலாறுகளையும் திரட்டினார். ஆயினும், அவற்றோடு நில்லாது, கோழிகளையும் நாய்களையும் பாம்பு கடிக்கச் செய்து, சிலவற்றுக்கு மருந்து கொடுத்தும், சிலவற்றுக்குக் கொடாதும் பார்த்தார். மருந்துண்டும் மாண்டவை இருந்தன. மருந்தின்றியே பிழைத்தவையும் இருந்தன. அம்மாத்திரை நம்பத்தக்க மாற்றன்று என்னும் முடிவுக்கே அவர் வரவேண்டியதாயிற்று.

அங்ஙனமாயின், பலர் பிழைத்ததாகக் கூறிய சான்றுகள் பொய்யோ? அன்று. கடிக்கும் பாம்புகளிற் பெரும்பான்மை நஞ்சற்றவை. நச்சுப் பாம்பே கடித்தாலும், ஒவ்வொரு கடியிலும் அது நஞ்சைச் செலுத்துவதில்லை; சிலபொழுது பல் மட்டும் பதிந்து, நஞ்சு இறங்காமற் போவதும் உண்டு. இத்தகைய கடிக்கு ஆளானவர் எதை உண்டாலும் பிழைப்பர். ஒன்றும் உண்ணாவிடினும் பிழைப்பர். ஆனால், பிழைத்த பெருமை மருந்துக்கும், மந்திரத்துக்கும், பச்சிலைக்கும், விஷக்கல்லுக்கும் போய்ச்சேரும். மெய்யாகவே நஞ்சேறியவன் மாண்டால், கொண்டுவரத் தாழ்த்தார்கள், விதி முடிந்தது என்று சொல்லி அமைவர். இவ்வாறு வெற்றி மட்டும் கணக்கில் ஏறித் தோல்வி கணக்கில் ஏறாமற்போகும் வரையில், எந்த மருந்தும் பொய்யென்று தெரியவாராது. இக்கணக்கைச் சரிப்படுத்தியதே ரஸ்ஸல் செய்த அருஞ்செயல்.

மற்றொன்றும் கருதுக. தஞ்சை மாத்திரையில் இருந்த பாஷாணம் தானே ஒரு கடுநஞ்சு. அது வாந்தியும் பேதியும் உண்டாக்கி, உடலின் நீரை வற்றச்செய்து, குருதியோட்டத்தைத் தளர்த்த வல்லது. பாம்பின் நஞ்சேறாத ஒருவன், அச்சத்தால் அம்மருந்தை அளவின்றி உண்டானாயின், பாம்பு செய்யாத தீங்கை மருந்து செய்துவிடும். நஞ்சை முறிக்கத் தருவதும் நஞ்சாகலாம் என்னும் இவ்வுண்மை எக்காலத்துக்கும் பொருந்துவது.

இறுதிக் காலம்

ரஸ்ஸல் 1789ஆம் ஆண்டில் இந்நாட்டைவிட்டு இங்கிலாந்து சேர்ந்தார். 1794ஆம் ஆண்டில் தமையனாரின் அலெப்போ நூலைத் தம் குறிப்புகளையும் சேர்த்து விரிவாகப் பதிப்பித்தார். 1796ஆம் ஆண்டில், சோழமண்டலக் கரையில் தாம் ஆராய்ந்த நாற்பதுக்கு மேற்பட்ட பாம்புகளின் வரலாறு, வண்ணப் படங்களுடன் பெருநூலாகக் கும்பினி இயக்குநர்களின் ஆணையால் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 1801 முதல் பகுதி பகுதியாக வெளிவரலாயிற்று. நல்ல பாம்பு படம் விரிக்கும் முறையை விளக்கி 1804ஆம் ஆண்டில் ராயல் சங்கத்தார்க்கு ஒரு கட்டுரை விடுத்தபொழுது, இவர் எண்பதை அணுகிய முதியவர். 1805ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் இலண்டனில் உயிர்நீத்தார். இவர் மணம் புரிந்துகொள்ளவில்லை. நூலின் எஞ்சிய பகுதிகள் இவர் மறைந்த பின் 1807, 1809ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன.

பாம்பு நஞ்சுக்கு மாற்று மருந்தை ரஸ்ஸல் காணவில்லை. இல்லாத மருந்தை உண்டென்று சொல்லிப் புகழ் தேடவுமில்லை. இவர் மறைந்து ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1894ஆம் ஆண்டில், பிரெஞ்சு அறிஞராகிய கால்மெத்தும், பிஸாலி, பெர்த்ராந்து என்னும் இருவரும் நச்சு முறிவுச் சீரத்தைக் கண்டறிந்து வெளியிட்டனர். குதிரைகளுக்குப் பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாய்ச் செலுத்தி, அவற்றின் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அச்சீரம். இன்று நம் நாட்டில் வழங்குவது முன்சொன்ன நால்வகைப் பாம்புகளின் நஞ்சையும் ஒருங்கே எதிர்க்க வல்லது. அதற்கு வேண்டும் நஞ்சைச் சேகரித்துத் தருவதில், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ஆம் ஆண்டில் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பங்கு பெரிது. பாம்பின் இயல்பறிந்த எளிய மக்களை ரஸ்ஸல் மதித்த மதிப்பு வீண்போகவில்லையென்பது இதனால் விளங்கும்.

கண்ணாடி விரியனின் நஞ்சும் பின்னாளில் மருந்தாயிற்று. அது குருதியை விரைந்து உறையச் செய்யும் தன்மையது. உடலினுள் அவ்வாறு உறையச்செய்து உறைபொருளையெல்லாம் தீர்த்துவிடுவதாலேயே, கடிபட்டவனுக்குப் பின்னர்க் குருதி உறையாது ஒழுகுகின்றது. இத்தன்மையைப் பயன்படுத்தி, 1934ஆம் ஆண்டில் மாக்பார்லேன் என்னும் ஆங்கில அறிஞர், பிறவியிலேயே குருதி உறையாத நோயுடையாரின் புண்களில் அந்நஞ்சை மிகவும் நீர்த்த நிலையில் இட்டு ஒழுக்கை நிறுத்தினார். அளவும் அறிவும் கூடியவிடத்து நஞ்சும் மருந்தாம்.

நாம் அறியத்தக்கன

2000 முதல் 2019 வரை நம் நாட்டில் ஏறக்குறைய 12 இலட்சம் மக்கள் பாம்புக் கடியால் மாண்டனர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிட்டுள்ளனர். அவர்களிற் பெரும்பாலார் சிற்றூர் வாழ்நர். சீரம் இல்லாமையால் ரஸ்ஸல் காலத்தவர் மாண்டனர்; சீரம் இருந்தும் உரிய காலத்தில் அதனை அடையாமையால் நம் காலத்தவர் மாள்கின்றனர். கோம்பையிற் கடிபட்ட ஒருவர் மந்திரிப்பாரைத் தேடிக் கழிக்கும் இரண்டு நாழிகையில் அரசாங்க மருத்துவமனையை அடைந்துவிடலாம். ஆதலின், பின்வருவனவற்றை ஒவ்வொருவரும் நினைவிற் கொள்க.

கடிபட்டவரை அச்சந்தீரத் தேற்றி, நடக்கவிடாது கிடத்துக. மோதிரம், வளையல், தண்டை முதலியவற்றை வீக்கம் காணுமுன் கழற்றுக. கடிபட்ட கை அல்லது காலை, எலும்பு முறிந்தாற்போல் மூங்கிற் பட்டை வைத்து, அசையாமல், இறுக்கமின்றிக் கட்டுக. கயிற்றால் இறுகக் கட்டுதலும், கத்தியாற் கீறுதலும், வாயால் உறிஞ்சுதலும், சுடுதலும், பச்சிலை திணித்தலும் ஆகா. இவற்றால் உறுப்பழுகலும் குருதியொழுக்கும் உண்டாம். பாம்பைப் பிடிக்க முயன்று காலம் போக்கவும் வேண்டா. மருத்துவர் நோய்க்குறிகளைக் கொண்டே அறிவர். சுத்தமான கண்ணாடிக் குப்பியில் சிறிது குருதியை எடுத்து 20 நிமிடம் அசையாது வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது, விரியன் நஞ்சேறியதை அறிய உதவும் எளிய சோதனை. நல்ல பாம்பும் கட்டு விரியனும் கடித்தால் இமை தாழும், நாக்குழறும், மூச்சுத் தளரும். கட்டு விரியன் இரவில் தரையிற் படுத்துறங்குவோரை நோவும் வடுவும் தோன்றாதபடி கடிப்பதுண்டு. ஆதலின், காரணமின்றி விடியலில் வயிற்றுவலியும் இமைச்சரிவும் தோன்றினால் அதனை ஐயுறவேண்டும். கட்டிலிற் படுத்தல், கொசுவலையைப் பாயின்கீழ் மடித்துச் செருகுதல், இருளில் விளக்கின்றி நடவாமை ஆகியவை எளிய காப்புகள்.

வீட்டிலும் வயலிலும் உள்ள பிற நஞ்சுகளுக்கும் ரஸ்ஸல் காட்டிய நெறியே பொருந்தும். நஞ்சுண்டவர் எவரெனினும் உப்புநீரைப் புகட்டி வாந்தி எடுப்பிப்பது ஊர்வழக்கம். மண்ணெண்ணெய் குடித்த குழந்தைக்கு அவ்வாறு செய்தால், எண்ணெய் நுரையீரலிற் புகுந்து பெருங்கேடு விளைக்கும். காரமோ திராவகமோ விழுங்கியவர்க்கு, உள்ளே இறங்கும்போது வெந்த தொண்டை, மீளும்போது மறுமுறையும் வேகும். பயிருக்குத் தெளிக்கும் பூச்சிமருந்து உடலில் நனைந்தால், அவ்வுடையை உடனே களைந்து நீரால் நன்கு கழுவுக. தோலின் வழியாகவும் அது உடலுட் புகும். அரளி விதை நெஞ்சத் துடிப்பைக் குலைக்கும். செங்காந்தட் கிழங்கு உடலின் பல உறுப்புகளையும் கெடுக்கும். இவற்றுக்கெல்லாம் பொதுவான மாற்றென்று ஒன்றில்லை. இன்ன நஞ்சென்று அறிந்தாலன்றி மருத்துவர் விரைந்து உதவ இயலாது. ஆதலின், குப்பியையோ, விதையையோ, இலையையோ உடன்கொண்டு சென்று காட்டுவது நலம்.

மாணவ நண்பர்களே! விடுமுறையில் நீங்கள் கோம்பை போன்ற உங்கள் சிற்றூர்களுக்குச் செல்லும்பொழுது, பாம்புக் கடியைப் பற்றிப் பேசும் முதியோர் பலரைக் காண்பீர்கள். அவர் கூறுவதை எள்ளி நகையாதீர்கள். பாம்பின் வழியும் வாழ்வும் பற்றி அவரிடம் கற்கத்தக்கன பல. ஆனால், அம்மருந்தால் பிழைத்தவர் எத்தனைபேர் என்று அவர் சொல்லும்பொழுது, அதனை உண்டும் மாண்டவர் எத்தனைபேர் என்று பணிவோடு கேளுங்கள். அக்கேள்வியே ரஸ்ஸல் நமக்கு வைத்துச் சென்ற செல்வம். கடிபட்டவர் ஒருவரை அக்கணமே வண்டியேற்றி மருத்துவமனை சேர்ப்பீர்களாயின், கற்ற கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறு வேண்டுவதில்லை.